கட்டிலுக்கடியில் ஒரு எடை மிஷின்

நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை குன்னூரில் ஒரு தையல் கடை மாடியில் கூடுகிறோம். டயட் இருந்து இருந்து அலுத்துப்போனவர்கள், சோற்றோடு சண்டை போடாமல் மிச்சக் காலத்தை ஓட்ட முடியுமா என்று பார்க்க வருகிறவர்கள். நான் டாக்டர் கிடையாது. பத்து வருஷம் கண்ட டயட்டையும் இருந்து பார்த்துவிட்டு அப்புறம் வெளியே வந்தவள், அவ்வளவுதான். போன தடவை புதிதாக வந்த ஒரு பெண், "அக்கா, மூணு வாரமா ஒவ்வொரு வாயும் முப்பத்திரண்டு தடவை மென்னுதான் முழுங்கறேன், அரைக் கிலோகூட இறங்கலையே" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இதை நானே ஒரு காலத்தில் அட்சரம் பிசகாமல் சொல்லியிருக்கிறேன்.

டிவி பார்த்துக்கொண்டு சாப்பிடாதே, போனைத் தள்ளி வை, அவசரமாக அள்ளிப் போட்டுக்கொள்ளாதே என்பதெல்லாம் உங்கள் பாட்டியே சொல்லியிருப்பார். அவற்றை விட்டுவிட்டு, நிதானமாகச் சாப்பிடப் பழகும்போது நாங்கள் செய்த தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

நிதானத்தையே டயட் ஆக்குவது

இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிற தவறு இதுதான், ஏனென்றால் இதில் மூன்று வருஷத்தைத் தொலைத்திருக்கிறேன். டயட்டை விட்டுவிட்டேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு எடை மிஷினை மட்டும் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருந்தேன். எங்கள் வீடு பழைய பலகைத் தரை, ஒரு பக்கம் லேசாகச் சரிந்திருக்கும். சுவரோரம் வைத்தால் ஒரு எடை, ஜன்னலடியில் வைத்தால் இன்னொரு எடை. எந்தப் பலகையில் வைத்தால் அரைக் கிலோ குறைத்துக் காட்டும் என்பது எனக்கு மனப்பாடம். விடிகாலைக் குளிரில் ஸ்வெட்டரையும் சாக்ஸையும் கழற்றிப் போட்டுவிட்டு, பல் கிட்டிக்க அந்தப் பலகையில் போய் நிற்பேன். முள் இறங்கியிருந்தால் அன்றைக்கு இட்லி சந்தோஷமாக உள்ளே போகும். ஏறியிருந்தால் அதே இட்லியை 'கவனமாக' சாப்பிடுவேன், அதாவது வயிறு இன்னும் கேட்டாலும் இரண்டோடு எழுந்துவிடுவேன்.

பசிக்கிறதா, ருசிக்கிறதா, போதுமா என்று வயிற்றைக் கேட்பதற்குத்தான் நிதானமாகச் சாப்பிடச் சொல்கிறார்கள். நான் கேட்டதெல்லாம் மிஷினை. அந்த முள்ளின் யோக்கியதையும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முந்தின ராத்திரி ஊறுகாயும் அப்பளமும் கூடிப்போனாலே உடம்பில் தண்ணீர் தங்கி மறுநாள் எடை ஏறிக் காட்டும். சாப்பாடு குறைந்தால் உடம்பு சேர்த்து வைத்த மாவுச்சத்து கரைகிறது, அது கரையும்போது ஒரு கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரும் கூடவே போகிறது, உடனே முள் இறங்குகிறது. என் கொண்டாட்டம், துக்கம் எல்லாமே தண்ணீருக்குத்தான்.

ஒரு ஜனவரியில், நீலகிரியின் படகர் சமூகம் கொண்டாடுகிற ஹெத்தையம்மன் பண்டிகைக்கு கோத்தகிரிப் பக்கம் தோழி வீட்டுக்குப் போயிருந்தேன். படகர் வீட்டு விருந்து, அவரையும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பு ஆவி பறக்கிறது, வெள்ளைச் சேலையில் பெண்கள் பரிமாறிக்கொண்டே போகிறார்கள், நான் மட்டும் பதினேழு, பதினெட்டு என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தோழியின் பாட்டி பக்கத்தில் வந்து குனிந்து, "ஏம்மா, காரம் ஜாஸ்தியா?" என்று கேட்டார். எண்ணிக்கை விட்டுப்போன எரிச்சலில் தலையை மட்டும் ஆட்டினேன். அந்தக் குழம்பின் ருசி எனக்கு நினைவில்லை. கேட்டுச் செய்து பார்க்கலாமென்றால் பாட்டியும் இப்போது இல்லை.

அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து, லைட் போடாமல், சமையலறையில் நின்றபடியே வர்க்கி தின்றேன், எங்கள் ஊர் பேக்கரிகளில் கிடைக்கிற மொறுமொறு பலகாரம். எத்தனை என்று தெரியாது, காலையில் ஸ்வெட்டர் முழுக்கத் தூள்.

எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்றுதான் அப்போதும் நினைத்தேன். காரணம் அது இல்லை என்பதற்கு ஒரு பழைய சோதனையே சாட்சி. 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் ஆரோக்கியமான 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை தொடங்கினார். போரில் பட்டினி கிடந்தவர்களுக்கு எப்படித் திரும்பச் சோறு கொடுப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் அது. 24 வாரம் அரைகுறைச் சாப்பாடு, நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. நம்மவர்கள் கையில் கொடுக்கிற டயட் சார்ட்டில் சர்வசாதாரணமாக 1,200 என்று போட்டிருக்கும், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கொள்கைக்காகப் போருக்குப் போக மறுத்த அந்தத் திடமனசுக்காரர்கள் சமையல் புத்தகம் சேகரிக்க ஆரம்பித்தார்கள், தட்டை நக்கினார்கள், சோதனை முடிந்த பிறகும் வயிறு முட்டத் தின்று திருப்தி வராமல் தவித்தார்கள். அரை வயிற்றோடு எழுந்தால் உடம்பு ராத்திரி வந்து பாக்கியை வசூலிக்கும், நாம் அதற்கு டயட் என்று பேர் வைத்தாலும் சரி, நிதானம் என்று வைத்தாலும் சரி.

ஆகவே மிஷின் வீட்டைவிட்டுப் போக வேண்டும். பீரோ மேலே வைக்கிறேன், மாதம் ஒரு தடவைதான் பார்ப்பேன் என்பதெல்லாம் நடக்காது, பரணில் இருந்தும் இறக்கியவள் நான். கடைசியில் பூண்டு பயிரிடுகிற பக்கத்து வீட்டு அண்ணனிடம் கொடுத்துவிட்டேன்.

டீயால் பசியை ஏமாற்றுவது

மலையில் இது தனி வியாதி. குளிருக்குக் கை சூடான டம்ளரைத் தேடும், தப்பில்லை. ஆனால் பதினொரு மணிப் பசிக்கு ஒரு டீ, ஒரு மணிப் பசிக்கு இன்னொன்று என்று தள்ளிவிட்டு மூன்றரைக்குத் தட்டு முன்னால் உட்கார்ந்தால் நிதானமாவது மண்ணாவது. பசி முற்றுவதற்கு முன்னால் சாப்பிடுங்கள், டீயை அப்புறம் குடியுங்கள்.

வேகாத பருப்பைக் குற்றம் சொல்வது

"எனக்கு அவரை ஒத்துக்காது, ராஜ்மா ஒத்துக்காது" என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்த ஒருவர் எங்கள் கூட்டத்தில் இருந்தார். கோயம்புத்தூரிலிருந்து கல்யாணமாகி வந்தவர். விசாரித்தால், மாமியார் வீட்டில் குக்கர் இருந்தும் கோயம்புத்தூரில் வைத்த அதே விசில் கணக்கை இங்கேயும் வைத்திருக்கிறார், சில நாள் திறந்த பாத்திரத்திலேயே வேகவைக்கிறார். குன்னூர் உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஊட்டியில் இன்னும் ஒரு டிகிரிக்கு மேல் குறைவு. பருப்பு பாதி வெந்து கிடந்தால் வயிறு ஊதத்தான் செய்யும். ராத்திரியே ஊறப்போட்டு இரண்டு விசில் கூட வைக்கச் சொன்னோம். இப்போது அவர் எங்களுக்கே சுண்டல் கொண்டுவருகிறார்.

நல்ல சாப்பாடு, கெட்ட சாப்பாடு

சோற்றுக்கு நடத்தைச் சான்றிதழ் எழுதாதீர்கள்.

டாக்டர் சொன்னதைத் தூக்கிப் போடுவது

போடாதீர்கள். சர்க்கரைக்கும் கிட்னிக்கும் சொன்ன பத்தியம் வைத்தியம், அதற்கும் இந்தக் கட்டுரைக்கும் சம்பந்தமில்லை. தின்றதை வாந்தி எடுக்கிற, நாள்கணக்கில் பட்டினி கிடக்கிற அளவுக்குப் போயிருந்தால் எங்கள் மாடி உங்களுக்குப் போதாது, மனநல மருத்துவரைப் பாருங்கள்.

வர்க்கியை வீட்டுக்கே வாங்காமல் இருப்பது

மிஷினைக் கொடுத்த பிறகும் நான் இதைச் செய்தேன். வாங்காமல் இருந்தால் தின்னமாட்டோம் என்று கணக்கு. ஆனால் யார் வீட்டுக்குப் போனாலும் கண் டப்பாவைத் தேடும். அப்புறம் ஒருநாள் மார்க்கெட் பேக்கரியில் ஒரு கிலோ வாங்கி, பாட்டிலில் போட்டு மூடி, மேஜைமேல் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்தேன். முதல் வாரம் தினம் நாலைந்து, டீயில் முக்கி, உட்கார்ந்து, லைட் போட்டுக்கொண்டு. தீர்ந்ததும் இன்னொரு கிலோ. மூன்றாவது வாரம் ஆவலே இல்லை. பார்த்தால் வர்க்கி, அவ்வளவுதான். எடை என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள், மிஷின் கைவசம் இல்லை.

அந்த மாசக் கடைசியில் மூடி சரியாகப் போடாமல் விட்டதில் பனி இறங்கி மிச்ச வர்க்கி நமத்துப்போயிருந்தது. கோழிக்குப் போட்டேன்.