ஆன்லைனில் வாங்கிய பன்றி ரூபாய் அசல்தானா? வீட்டிலேயே பார்க்கும் முறை

ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் 1911-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாயைச் சேகரிப்பாளர்கள் பன்றி ரூபாய் என்பார்கள். மன்னரின் அங்கியில் இருக்கும் குட்டி யானைக்குத் துதிக்கை குட்டையாகப் போய், பார்ப்பதற்குப் பன்றி போல இருந்தது. முஸ்லிம்களிடம் எதிர்ப்பு கிளம்பியதும் அரசு நாணயத்தைத் திரும்பப் பெற்றது. அச்சடித்த சுமார் 94 லட்சத்தில் 7 லட்சம்தான் வெளியே போயிருந்தது. மிச்சத்தில் பெரும்பகுதி உருக்கப்பட்டது. 1912-ல் துதிக்கையை நீட்டித் திருத்தினார்கள். அதனால்தான் 1911-க்கு இவ்வளவு மவுசு, இவ்வளவு போலி.

தேவையானவை: 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், காந்தம், தையல் நூல், ஒரு டம்ளர் தண்ணீர்.

படி 1: பிரிக்கும்போதே வீடியோ

பார்சலைப் பிரிப்பதை வெட்டாமல் வீடியோ எடுங்கள். அப்புறம், தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். கருமையோடு நாணயத்தின் மதிப்பும் போய்விடும், திருப்பி அனுப்பவும் முடியாது.

படி 2: காந்தம்

ஒட்டினால் போலி. ஒட்டவில்லை என்பதால் அசல் ஆகிவிடாது; பித்தளையும் ஈயமும்கூட ஒட்டாது. இந்தச் சோதனை வெள்ளி ரூபாய்க்கு மட்டும்தான். 1947-ஆம் ஆண்டு ரூபாய் நிக்கல், அது அசலாக இருந்தாலும் ஒட்டும்.

படி 3: எடை

அசல் எடை 11.66 கிராம், அதாவது சரியாக ஒரு தோலா. கைமாறித் தேய்ந்திருந்தால் 11.4 வரை இறங்கியிருக்கலாம். கூடுதலாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும். விளிம்பில் பற்றவைத்த தடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்: அந்தக் காலத்தில் ரூபாயில் காது வைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்படிப்பட்ட நாணயம் அசல்தான், விலைதான் குறையும்.

படி 4: தண்ணீர்ச் சோதனை

எடையைச் சரிக்கட்டுவது போலி செய்பவருக்குச் சுலபம். எடை, அளவு, தடிமன் மூன்றையும் சேர்த்துச் சரிக்கட்டுவது கடினம். அதனால் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். நாணயத்தை நூலில் கட்டி, முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது. குமிழி ஒட்டியிருந்தால் நூலை லேசாகத் தட்டிவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் நாணயத்தின் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும்.

இந்த ரூபாயில் வெள்ளி 91.7 சதவீதம், மீதி செம்பு. அடர்த்தி 10.3 பக்கம் வர வேண்டும். 11.66 கிராம் நாணயத்துக்குத் தராசு 1.13 காட்டினால் சரி. பித்தளை என்றால் 1.37 பக்கம் காட்டும். தராசில் ஒரு புள்ளி முன்னே பின்னே ஆகும் என்பதால் மூன்று முறை செய்து சராசரி எடுங்கள்.

படி 5: யானையைப் பாருங்கள்

தண்ணீர் சொல்வது உலோகத்தை மட்டும். நான் முதலில் வாங்கிய நாணயம் காந்தம், எடை, தண்ணீர் எல்லாவற்றிலும் தேறியது. சந்தோஷத்தில் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு வாரம் கழித்து லென்ஸில் பார்த்தால் யானைக்குத் துதிக்கை நீளமாக இருந்தது! நாணயத்தைத் திருப்பினேன். வருடத்தின் கடைசி '1'-ஐச் சுற்றி மட்டும் தளம் சற்றுக் குழிந்து, மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் ஓடின. 1912-ன் '2'-ஐச் சீவி '1' ஆக்கியிருக்கிறார்கள். வெள்ளி அசல், வருடம் பொய். திருப்பி அனுப்பும் கெடு அதற்குள் முடிந்துவிட்டது.

அதனால் லென்ஸை முதலில் அங்கியில் இருக்கும் யானை மேல் வையுங்கள், பிறகு வருடத்தின் மேல். அடுத்து விளிம்பு: வரிகள் ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் கோடு போல ஒட்டுத் தெரிந்தாலோ, தளத்தில் ஊசிமுனைக் குழிகளும் மழுங்கிய எழுத்துகளும் இருந்தாலோ அது அச்சில் அடித்தது இல்லை, வார்த்தெடுத்தது.

படி 6: சான்றிதழ்ப் பெட்டியில் வந்திருந்தால்

நாணயங்களைச் சோதித்துச் சான்று தரும் பிசிஜிஎஸ், என்ஜிசி நிறுவனங்களின் பெட்டியில் உள்ள எண்ணை அந்தந்த நிறுவனத் தளத்தில் போட்டுப் பாருங்கள். எண் இருந்தால் போதாது, பெட்டியிலேயே போலி வருகிறது. தளத்தில் படம் இருந்தால் அதிலுள்ள ஒவ்வொரு கீறலும் உங்கள் கையில் உள்ள நாணயத்திலும் இருக்க வேண்டும்.

ஆறு படிக்கும் ஒரு மணி நேரம் போதும். பார்சல் வந்த அன்றைக்கே செய்துவிடுங்கள்.