'ரைன்கோல்ட்' கேட்கப் போகிறீர்களா?

ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் 'ரிங்' (மோதிரம்) நான்கு ஓபராக்கள், அதாவது பாடியே நடிக்கும் இசை நாடகங்கள், மொத்தம் ஏறக்குறைய பதினைந்து மணி நேரம். மலைக்க வேண்டாம். 1869இல் ம்யூனிக்கில் அரங்கேறிய முதல் பகுதி 'தாஸ் ரைன்கோல்ட்' மட்டும் இப்போதைக்குப் போதும். இரண்டரை மணி நேரம், இடைவேளை கிடையாது.

ஹெட்ஃபோன் கட்டாயம். தொடக்கத்தில் டபுள் பாஸ்கள் (ஆளுயரத் தந்தி வாத்தியங்கள்) பிடிக்கும் அடிஆழ ஸ்வரம் போன் ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காது. அதுதான் ரைன் நதி. 1958இல் இசை நடத்துநர் சோல்டி வியன்னா பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோடு பதிவு செய்ததைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

கதையை முன்பே படித்துவிடுங்கள். முதல் தடவை நான் வசனத்தின் பின்னாலேயே ஓடி, இசையைத் தவறவிட்டேன்.

முதல் காட்சியில் குள்ளன் அல்பெரிஷ் காதலையே சபித்துத் துறந்து, நதியின் தங்கத்தைப் பறித்துக்கொண்டு போகிறான். இங்கே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தங்கத்தில் அவன் செய்யப்போகும் மோதிரத்தின் மெட்டு வட்டமாகச் சுருண்டு, ஒரு திருட்டுத்தனத்தோடு வரும். அடுத்த காட்சிக்குப் போகும் இடைவெளியில் ஹார்ன் என்ற ஊதுகருவிகள் அதையே மெல்ல இழைத்து இழைத்து நேராக்கும். திரை விலகும்போது டியூபா என்ற கனத்த ஊதுகருவிகளில் கம்பீரமாக ஒலிப்பது கடவுள் வோட்டானின் புது மாளிகை வல்ஹல்லாவின் மெட்டு. திருடனின் மோதிரமும் கடவுளின் மாளிகையும் ஒரே அச்சில் வார்த்தவை! இந்த இடத்தை மட்டும் நான்கைந்து தடவை ஓட்டிக் கேளுங்கள். இது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாகத் திறக்கும்.

மாளிகை கட்டிய அரக்கர்களுக்குக் கூலியாக வோட்டான் பேசியது தன் மனைவியின் தங்கை ஃப்ரையாவை. அவளை மீட்கத்தான் அல்பெரிஷிடம் தங்கத்தைப் பறிக்கிறான். மூன்றாம் காட்சிக்காக அல்பெரிஷின் சுரங்கத்துக்கு இறங்கும்போது 18 பட்டறைக்கல்கள் அடிக்கும், சத்தத்தைக் குறைக்காதீர்கள்.

நான்காம் காட்சியில், அவளுக்குப் பதிலாக அரக்கர்களுக்குக் கொடுக்க, ஃப்ரையாவை மறைக்கும் அளவுக்குத் தங்கத்தைக் குவிக்க வேண்டும். எல்லாம் அடுக்கியாகிவிட்டது. ஒரு சின்ன இடுக்கு மட்டும் மிச்சம். அதன் வழியே அவள் கண் தெரிகிறது. அதை அடைக்க மோதிரம்தான் இருக்கிறது. வோட்டான் தர மறுக்கிறான். அந்தப் பெண் அங்கேயே நிற்கிறாள். எனக்கு ஒவ்வொரு தடவையும் நெஞ்சு கனக்கும் இடம் இது. பூமித்தாய் எர்டா எழுந்து வந்து எச்சரித்த பிறகுதான் கொடுக்கிறான். கைமாறிய உடனே அண்ணன் தம்பி அரக்கர்களுக்குள் சண்டை. ஃபாஃப்னர் ஃபாஸோல்ட்டை அடித்தே கொல்கிறான்.

கடைசியில் கடவுள்கள் வானவில் பாலத்தில் ஏறுவார்கள். ஆர்கெஸ்ட்ராவின் முழக்கத்தில் மயங்கிவிடாமல் கீழே காது கொடுங்கள். தங்கத்தைப் பறிகொடுத்த நதிப்பெண்கள் பள்ளத்தாக்கிலிருந்து அழுதுகொண்டிருப்பார்கள்.