பழைய பிக்கப்பில் பிரேக் பிடித்துக்கொள்கிறதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால், கம்பத்திலிருந்து குமுளிக்குக் காய்கறி ஏற்றிப் போகும் பழைய பிக்கப்களில் அடிக்கடி கேட்கும் புகார் இது: பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் பிரேக் விடுவதில்லை. வண்டிக்கு இழுவை குறைகிறது, டீசல் கூடுதலாகச் செலவாகிறது, மலையடிவாரத்து லோயர் கேம்ப் வருவதற்குள் ஒரு சக்கரத்தில் பிரேக் லைனர் கருகிய வாடை அடிக்கிறது.

வாடை வந்ததும் பலர் செய்வது, சக்கரத்தில் தண்ணீர் ஊற்றுவது. தயவுசெய்து வேண்டாம். கொதிக்கும் டிரம்மும் டிஸ்க்கும் வார்ப்பிரும்பு. திடீரென்று குளிர்ந்தால் விரிசல் விடலாம், கோணிக்கொள்ளலாம். ஓரமாக நிறுத்தி, கட்டை கொடுத்து, தானாக ஆற விடுங்கள். எல்லாச் சக்கரமும் ஒரேபோல் சுடுகிறதென்றால், மலையை மேல் கியரில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கியதாலும் இருக்கலாம். ஒரு சக்கரம் மட்டும் சுட்டால்தான் அந்தச் சக்கரத்தைச் சந்தேகிக்க வேண்டும். வீல் பேரிங் இறுகினாலும் இப்படித்தான் சுடும் என்பதால் அதையும் ஆட்டிப் பாருங்கள்.

பணத்தை அதிகம் விழுங்கும் தவறு, காரணம் தெரியுமுன் பாகம் வாங்குவது. வண்டி பட்டறைக்குப் போய்ச் சேருவதற்குள் சூடு ஆறி, சக்கரம் சரளமாகச் சுற்றத் தொடங்கிவிடும். மெக்கானிக் என்ன செய்வார்? குத்துமதிப்பாக ஒரு கேலிபரை (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) மாற்றிவிடுவார். அதனால் பிரேக் பிடித்திருக்கும்போதே சோதிக்க வேண்டும். சமதளத்தில் மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பிடித்த சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, பெடலைத் தொடாமல் பிளீடர் நிப்பிளை (பிரேக் ஆயிலை வெளியே விடும் திருகு) கொஞ்சம் திறங்கள். ஆயில் சூடாகப் பீறிடலாம், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் வந்து சக்கரம் விட்டுவிட்டால், உள்ளே அழுத்தம் தேங்கி நின்றிருக்கிறது என்று அர்த்தம். அப்போதும் விடவில்லையென்றால் கோளாறு அந்தச் சக்கரத்திலேயே: துருப்பிடித்த பிஸ்டன், கேலிபர் நகரும் ஸ்லைடிங் பின் காய்ந்துபோனது, டிரம்முக்குள் லைனர் ஒட்டிய ஷூவின் தளர்ந்த ஸ்பிரிங், ஹேண்ட் பிரேக் கேபிள்.

அழுத்தம் தேங்கியிருந்தால் நான் முதலில் பார்ப்பது சக்கரத்துக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸைத்தான். வெளியே வெடிப்பே இருக்காது, உள்சுவர் மட்டும் உப்பி வழியை அடைத்திருக்கும். போகும்போது காலின் பலம் ஆயிலைத் தள்ளிவிடுகிறது. திரும்பும்போது பிஸ்டன் சீலின் மெல்லிய இழுப்பு மட்டும்தான் இருக்கிறது, அதற்கு அந்த அடைப்பைத் தாண்டத் திராணி இல்லை. உறுதிப்படுத்த, மறுபடி பிடிக்கும்போது ஹோஸுக்கு மேலே உள்ள இரும்புக் குழாய் நட்டைத் தளர்த்துங்கள். அங்கே விடாமல் நிப்பிளில் மட்டும் விட்டால் ஹோஸ்தான். பழைய வண்டியில் கேலிபரை மாற்றிவிட்டு ஹோஸை அப்படியே விடுவது பாதி வேலை.

பல சக்கரங்கள் சேர்ந்து பிடித்தால், பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் போங்கள். பின்சக்கர லைனர் தேய்ந்து இடைவெளி கூடினால் பெடல் கீழே போகும். அதைச் சரிசெய்வதாக நினைத்து, மாஸ்டர் பிஸ்டனைத் தள்ளும் புஷ் ராடை நீட்டிவிடுகிறார்கள். அதனால் மாஸ்டர் பிஸ்டன் முழுதாகத் திரும்பாமல், ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சிறு துளை மூடியே இருக்கிறது. பூஸ்டரில் (மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பாகம்) மாஸ்டரைப் பிடிக்கும் நட்டுகளைச் சற்றுத் தளர்த்தியதும் சக்கரங்கள் விட்டால், ராடின் நீளம்தான் பிரச்சினை.

ஆயில் விஷயத்தில் அலட்சியம் கூடவே கூடாது. அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலையோ ஸ்டியரிங் ஆயிலையோ ஊற்றினால் பக்கெட் (சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷர்), சீல் எல்லாம் உப்பிவிடும், அப்புறம் ரப்பர் பாகங்கள் மொத்தமும் மாற்ற வேண்டியதுதான். டீசலில் கழுவுவதும், ஸ்லைடிங் பின்னுக்குச் சாதாரண கிரீஸ் பூசுவதும் இதே கெடுதலைச் செய்யும். பின்னுக்கு சிலிகான் கிரீஸ் போடுங்கள். டப்பா மூடியில் எழுதியிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4 ஆயில்தான் ஊற்ற வேண்டும். இது காற்றின் ஈரத்தை இழுக்கும், உள்ளே துருப்பிடிக்க அதுவே வழி. மழை அதிகமான இந்த மலைப் பக்கத்தில் 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

ஹேண்ட் பிரேக் நிற்கவில்லையென்றால் உடனே கேபிளை முறுக்குவது இன்னொரு தவறு. முதலில் கேபிளை முழுக்கத் தளர்த்தி, டிரம்மில் ஷூவைச் சரிசெய்துவிட்டுப் பிறகு கேபிளுக்கு வாருங்கள். உறைக்குள் துருவேறிய கேபிளுக்கு எண்ணெய் விடுவதைவிடப் புதிதாகப் போடுவதே மேல். மழையில் வண்டி நாள்கணக்கில் நிற்கும் என்றால், சமதளமாக இருந்தால் கியரில் போட்டுக் கட்டை வையுங்கள், ஹேண்ட் பிரேக் வேண்டாம், ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சரிவில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், அங்கே கியர், கட்டை, ஹேண்ட் பிரேக் மூன்றும் வேண்டும்.

டிரம்மைக் கழற்றினால் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள். ஷூவை இரு பக்கமும் ஜோடியாக மாற்றுங்கள். வேலை முடிந்து பிரேக் குழாயிலிருந்து ஏர் எடுத்ததும், காலி வண்டியைச் சமதளத்தில் கொஞ்ச தூரம் ஓட்டி, நான்கு சக்கரத்தின் நடுப்பகுதியிலும் புறங்கையை அருகில் கொண்டுபோய் சூட்டை ஒப்பிட்டுவிட்டு, அதற்குப் பிறகு லோடு ஏற்றுங்கள்.