இங்க்ஜெட் நெகட்டிவில் மை எந்தப் பக்கம் இருக்க வேண்டும்?

இங்க்ஜெட் பிரிண்டரில் ஒளிபுகும் தாளில் நெகட்டிவ் (தடங்கள் தெளிவாகவும் இடைவெளிகள் கறுப்பாகவும் உள்ள படம்) அச்சிட்டு, டிரை ஃபிலிம் (ஒளி பட்ட இடத்தில் இறுகும் படலம்) ஒட்டிய செம்புப் பலகையில் புற ஊதா ஒளி காட்டி சர்க்யூட் போர்டு செய்தபோது, தடங்களுக்கு இடையிலான 0.2 மி.மீ. இடைவெளிகள் மட்டும் டெவலப்பரான சோடியம் கார்பனேட் கரைசலில் கரையாமல் அடைபட்டே நின்றன. ஒளி காட்டும் நேரத்தைக் குறைத்தால் மெல்லிய தடங்கள் கழன்றன. சோடியம் கார்பனேட் கரைசலை 1 சதவீதத்திற்கு மேல் கூட்டினால் ஓரங்கள் சிதைந்தன. இரண்டு தாள்களை அடுக்கியும் இடைவெளிகள் திறக்கவில்லை.

காரணம் தாளின் தடிமன். ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமனுள்ள தாளின் மேற்பக்கத்தில் மை இருந்தால், சாய்வாக வரும் கதிர்கள் கறுப்பின் ஓரத்திற்கு அடியில் புகுந்து, கரைய வேண்டிய பகுதியையும் இறுக்கிவிடுகின்றன. வரைபடத்தை இடவலமாகத் திருப்பி அச்சிட்டு, மைப்பக்கம் பலகையைத் தொடும்படி கவிழ்த்து, மேலே கனமான கண்ணாடியை வைத்து அழுத்தியதும் இடைவெளிகள் சுத்தமாகத் திறந்தன, பெரும் நிம்மதி.

பலரும் தவறவிடக்கூடிய ஒன்று: சர்க்யூட் போர்டு வரையும் கிகேட் மென்பொருள் கீழ்ப்பக்கச் செம்பையும் மேலிருந்து பார்ப்பதுபோலவே காட்டுவதால், கால்கள் துளை வழியே இறங்கும் பாகங்களுக்கான, கீழ்ப்பக்கம் மட்டும் செம்புள்ள ஒருபக்கப் பலகைக்கு இம்முறையில் திருப்பாமலே அச்சிட வேண்டும்.