கூண்டில் ஏறும் முன் முப்பது பேரை நினைத்துக்கொள்ளுங்கள்

பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் புள்ளியியல் பாடம் எடுத்தவன் நான். நிபுணர் சாட்சியாக நாலு தடவை கூண்டு ஏறியிருக்கிறேன். உங்களுக்கும் சம்மன் வந்திருந்தால் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

நிபுணர் கருத்தைப் பற்றிய பழைய சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவு 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியத்தின் 39ஆம் பிரிவாகிவிட்டது. பிரிவு எதுவானாலும் நீங்கள் சொல்வது கருத்துதான். அதை ஏற்பதும் தள்ளுவதும் நீதிபதி பாடு.

வக்கீல் கொடுக்கும் காகிதக் கட்டில் எந்தப் பக்கம் இல்லை என்று முதலில் பாருங்கள். அவருக்குத் தோதானதை மட்டும் ஜெராக்ஸ் எடுத்திருப்பார். மூல ரெஜிஸ்டரைக் கேளுங்கள். தராவிட்டால், தரவில்லை என்றே அறிக்கையில் எழுதுங்கள்.

வில்லங்கம் கணக்கில் வருவதைவிட வாக்கியத்தில்தான் அதிகம் வரும். அரைகுறையாகக் கிடைத்த டிஎன்ஏ லட்சத்தில் ஒருவருக்குப் பொருந்தும் என்று வையுங்கள். 2011 கணக்கெடுப்பில், தென்காசி பிரியாத நெல்லை மாவட்டத்தில் சுமார் 30.77 லட்சம் பேர். அப்படியானால் நம்ம மாவட்டத்திலேயே முப்பது பேருக்குப் பொருந்தும். வேறு சாட்சியம் இல்லையென்றால், குற்றம் சாட்டப்பட்டவர் அந்த முப்பதில் ஒருவர், அவ்வளவுதான். "இவர் நிரபராதியாக இருக்க லட்சத்தில் ஒரு வாய்ப்பு" என்று வக்கீல் திருப்பிப் போடுவார். தலையாட்டிவிடாதீர்கள்.

1999இல் இங்கிலாந்தில், தன் இரண்டு கைக்குழந்தைகளைக் கொன்றதாகச் சாலி கிளார்க் என்ற தாய் மீது வழக்கு. அப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென்று சாக 8,543இல் ஒரு வாய்ப்பு என்று வைத்து, ஒரு குழந்தை மருத்துவர் அதை அதே எண்ணால் பெருக்கி, இரண்டும் அப்படிச் சாக 7.3 கோடியில் ஒன்று என்றார். ஒரே வீட்டில், ஒரே தாய்க்குப் பிறந்த இரண்டு குழந்தைகளின் சாவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாததாகப் பாவித்த பெருக்கல் அது. 2001இல் ராயல் புள்ளியியல் சங்கம் கண்டித்தது. 2003இல்தான் அந்தத் தாய் வெளியே வந்தார். மருத்துவர் நம்ம வேலையைச் செய்த கதை இது. நீங்கள் மருத்துவர் வேலையைச் செய்யாதீர்கள்.

குறுக்கு விசாரணையில், "அண்ணாச்சி, ஆமா இல்லைன்னு மட்டும் சொல்லுங்க" என்பார்கள். வக்கீலைப் பார்க்காமல் நீதிபதியைப் பார்த்து, "ஆமாங்கய்யா, ஆனால் அர்த்தம் வேறு, விளக்கலாமா?" என்று கேளுங்கள். டைப் செய்கிறவரின் விரல் நின்ற பிறகு அடுத்த வாக்கியம்.

கடைசியில் வாக்குமூலத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு தடவை படிக்கிற கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போய், "சரியாத்தான் இருக்கும்" என்று போட்டுவிட்டேன். பிறகு நகல் வாங்கிப் பார்த்தால், நான் சொன்ன 'பொருந்தும்' இருந்த இடத்தில் 'குற்றவாளி' இருந்தது.