குதிரையேற்றப் பயிற்சியாளரைத் தேடும்போது பெரியவர்கள் செய்யும் தவறுகள்

முப்பது, நாற்பது வயதில் குதிரையேற்றம் கற்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் பார்ப்பது பயிற்சியாளர் வாங்கிய கோப்பைகளை, இல்லாவிட்டால் அவர் தடை தாண்டும் வீடியோவை. பத்து வயதிலேயே சேணம் ஏறியவருக்கு, நாற்காலியில் உட்கார்ந்தே இடுப்பு இறுகிப்போன ஒருவரின் சிரமம் புரியும் என்று சொல்ல முடியாது. உங்களைப் போன்ற புது ஆளுக்கு அவர் வகுப்பெடுப்பதைப் பாருங்கள். பணம் கட்டும் முன் அரை மணி நேரம் வேலியோரம் நின்றால் போதும். பார்க்க விடமாட்டோம் என்றால் வேறு இடம் தேடலாம்.

சரி, நின்று எதைப் பார்ப்பது? ஆள் ஏறுவதற்கு முன் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். சேணத்தின் வயிற்றுப்பட்டையை இறுக்கும்போது சில குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். நாலு எட்டு நடந்ததும் பட்டை தொளதொளத்துவிடும். விவரம் தெரிந்தவர் ஏறும் முன் ஒருமுறை, ஏறிக் கொஞ்சம் நடந்தபின் இன்னொருமுறை பட்டைக்கடியில் விரல் விட்டுப் பார்ப்பார். செருப்போடு வந்தவரை ஏறவே விடமாட்டார். சிறு குதிகால் வைத்த ஷூ இல்லையென்றால் பாதம் அங்கவடிக்குள் (சேணத்தில் கால் வைக்கத் தொங்கும் வளையம்) வழுக்கிப் போய்விடும். விழும்போது அப்படி மாட்டிக்கொண்டால் குதிரை ஆளை இழுத்துக்கொண்டே ஓடும்.

அடுத்து, முதல் சில வகுப்புகளை நீளக் கயிற்றில் எடுக்கிறாரா? பயிற்சியாளர் நடுவில் நின்று கயிற்றைப் பிடித்து, குதிரையை வட்டமாகச் சுற்றவிடுவார். லஞ்சிங் என்பார்கள். வேகம் அவர் பொறுப்பு, உட்காரப் பழகுவது மட்டும் உங்கள் வேலை. ட்ராட் எனும் மிதமான ஓட்டத்தில் உடம்பு குலுங்கும்போது கை தானாக எதையாவது பற்றத் தேடும். அந்த நேரத்தில் கடிவாள வார் கையில் இருந்தால் அதைப் பிடித்துத் தொங்குவோம், குதிரையின் வாய்தான் புண்ணாகும். பத்தே வகுப்பில் பாய்ச்சலில் ஓட்டலாம் என்று ஆசை காட்டுகிற இடங்களில் இந்தக் கட்டத்தைத்தான் தாண்டிப் போய்விடுவார்கள்.

ஆளை விசாரிக்கிற அளவுக்குக் குதிரையை யாரும் விசாரிப்பதில்லை. நம் ஊர் லாயங்களில் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரைகள் நிறைய. பொறுமையாக மறுபயிற்சி கொடுத்தால் தங்கமானவை. ஆனால் பந்தயத் தடத்தில் கடிவாளம் இறுகினால் அதன்மேல் சாய்ந்து ஓடிப் பழகியிருக்கும். பயந்துபோன புது ஆள் வாரை இழுக்க இழுக்க அது இன்னும் வேகமெடுக்கும். எனவே எனக்குத் தரப்போகும் குதிரைக்கு என்ன வயது, பந்தயத்தை விட்டு எவ்வளவு காலமாச்சு, ஒரு நாளைக்கு எத்தனை வகுப்பில் ஓடுகிறது என்றெல்லாம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

அவர் உங்களைப் பற்றிக் கேட்பதும் முக்கியம். எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். சேணத்தோடு சேர்த்து, குதிரையின் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது பரவலான கணக்கு. 450 கிலோ குதிரைக்கு அது 90 கிலோ. சேணம் போக உங்களுக்கு மிஞ்சுவது 80 சொச்சம். முதுகுவலி, பழைய எலும்பு முறிவு இதையெல்லாம் விசாரிக்காமலே ஏற்றிவிடுகிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். மெரினாவிலோ கொடைக்கானல் ஏரிக்கரையிலோ ஒருவர் பிடித்து நடத்திவந்த குதிரையில் உட்கார்ந்ததை வைத்து ‘எனக்கு ஓட்டத் தெரியும்’ என்று சொல்லிவிடாதீர்கள். அதை நம்பித் துடியான குதிரையைக் கொடுத்துவிடப் போகிறார்கள்.

ராணுவத்திலும் காவல்துறைக் குதிரைப்படையிலும் இருந்து ஓய்வு பெற்றவர்கள் சிலர் சொல்லித்தருகிறார்கள். கொஞ்சம் அதட்டுவார்கள். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குதிரை மிரளும்போது சத்தமாக, சுருக்கமாகச் சொன்னால்தான் காதில் விழும். பயப்படுகிறவரைக் கேலி செய்கிறவரிடம்தான் போகக்கூடாது.

பைக் ஹெல்மெட்டே போதும் என்பவரையும் விட்டுவிடுங்கள். லாயத்தின் பொது ஹெல்மெட்டோடு யார் எப்போது விழுந்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடக்கூடாது. குதிரையேற்றத்துக்கென்றே செய்த ஒன்றைச் சொந்தமாக வாங்கிவிடுவது நல்லது. உள்ளே ஏ.எஸ்.டி.எம். எஃப்1163 போன்ற தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

இருபது வகுப்புக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். முதலில் மூன்று வகுப்புக்கு மட்டும் கட்டுங்கள். போனில் பேசியவரே வகுப்பெடுப்பாரா, இல்லை குதிரை பராமரிக்கும் பையனிடம் விட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்துகொள்வாரா என்பதையும், மழையால் நின்றுபோன வகுப்புக்கு மாற்று நாள் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.