நாலு எல்இடி லைட், ஒரு லேப்டாப்: மேடை விளக்குகளைக் கட்டுப்படுத்தும் அமைப்பை முதன்முறையாகச் செய்வது எப்படி?

சின்ன நாடகத்துக்கோ நடன நிகழ்ச்சிக்கோ நாலு எல்இடி பார் (PAR) லைட், ஒரு லேப்டாப், ஒரு யூஎஸ்பி டிஎம்எக்ஸ் கருவி, தேவையான அளவு டிஎம்எக்ஸ் கேபிள் இருந்தால் போதும். டிஎம்எக்ஸ் என்பது மேடை விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் முறை; யூஎஸ்பி கருவி லேப்டாப்பை அந்த லைனோடு இணைக்கும். இதை அமைத்தபோது எனக்குக் கேபிளும் மென்பொருளும் சீக்கிரமே பிடிபட்டுவிட்டன. ஒவ்வொரு லைட்டுக்கும் அதற்கான எண்ணை, அதாவது அட்ரஸை, போடும் இடத்தில்தான் நேரம் போனது. அதனால் மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் செய்யுங்கள். லைட்டுகளை மேலே ஏற்றுவதற்கு முன்பே, தரையில் வரிசையாக வைத்து எல்லாவற்றையும் எரியவைத்துப் பார்த்துவிடுங்கள். ஏணியில் நின்றுகொண்டு அட்ரஸ் மாற்றுவது நேரத்துக்கும் கேடு, ஆளுக்கும் ஆபத்து.

1. கேபிள்

யூஎஸ்பி கருவியிலிருந்து முதல் லைட்டின் டிஎம்எக்ஸ் இன், அதன் அவுட்டிலிருந்து இரண்டாவது லைட்டின் இன், இப்படியே கடைசி லைட் வரை. மைக் கேபிளும் 3 முனை டிஎம்எக்ஸ் கேபிளும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் டிஎம்எக்ஸ் கம்பியில் வினாடிக்கு 2,50,000 பிட் வேகத்தில் தகவல் ஓடுகிறது. அதற்கென்று 120 ஓம் கேபிள் இருக்கிறது, அதையே வாங்குங்கள். மைக் கேபிளில் சோதனையின்போது நன்றாக எரிந்த லைட், தூரம் கூடியதும் காரணமில்லாமல் மினுக்க ஆரம்பிக்கும்.

கடைசி லைட்டின் அவுட்டில் ஒரு டெர்மினேட்டர் செருகுங்கள். ஆண் எக்ஸ்எல்ஆர் (3 முனை) பிளக்கில் 2, 3 ஆகிய முனைகளுக்கு நடுவே ஒரு 120 ஓம் ரெசிஸ்டர், அவ்வளவுதான். கம்பியின் முனையில் முட்டித் திரும்பும் சிக்னலை அது விழுங்கிவிடும்.

எல்இடி லைட்டுகளுக்கு நேரடி மின் இணைப்பு கொடுங்கள். பழைய பல்புகளுக்கான டிம்மர் பேக்கில் செருகினால் லைட் கெட்டுப்போகலாம்.

2. மோடும் அட்ரஸும்

ஒரு டிஎம்எக்ஸ் லைனில் 512 சேனல்கள். பிரகாசம், சிவப்பு என்று லைட்டின் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சேனல். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை மதிப்பு. ஒரு லைட்டுக்கு எத்தனை சேனல் வேண்டும் என்பதை அதன் மோடு தீர்மானிக்கிறது. ஒரே லைட்டில் 3 சேனல் மோடும் இருக்கும், 7 சேனல் மோடும் இருக்கும். ஆகவே முதலில் மோடு, பிறகுதான் அட்ரஸ், அதாவது அந்த லைட்டின் முதல் சேனல் எண்.

நாலு லைட்டையும் 7 சேனல் மோடில் வைத்தால் அட்ரஸ்கள் 1, 8, 15, 22. ஒரு காகிதத்தில் லைட் எண், மோடு, அட்ரஸ் மூன்றையும் எழுதி, அதே எண்ணை லைட்டின் பின்புறம் டேப்பிலும் எழுதி ஒட்டுங்கள்.

இரண்டாவது லைட்டுக்கு 8க்குப் பதில் 7 என்று போட்டால் என்ன ஆகும்? அந்த மாடலில் முதல் சேனல் மாஸ்டர் டிம்மர் (மொத்தப் பிரகாசம்), இரண்டாவது சிவப்பு என்று வைத்துக்கொள்வோம். மென்பொருளில் 8ஐ டிம்மர் என்று நினைத்து ஏற்றுகிறீர்கள். லைட்டைப் பொறுத்தவரை அது சிவப்பு. அதன் டிம்மர் 7இல் இருக்கிறது. அதை மென்பொருள் முதல் லைட்டின் கடைசிச் சேனலாகக் கணக்கு வைத்திருப்பதால் நீங்கள் தொடவே மாட்டீர்கள். விளைவு: லைட் எரியாது, பழி கேபிள் மேல் விழும். ஆகவே ஒரு லைட் எரியவில்லை என்றால் கேபிளைக் கழற்றுவதற்கு முன் மோடு, அட்ரஸ் இரண்டையும் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சில லைட்டுகளில் திரை இருக்காது, குட்டி டிப் சுவிட்சுகள்தான். அவற்றின் மதிப்பு வரிசையாக 1, 2, 4, 8, 16, 32, 64, 128, 256. அட்ரஸ் 22 வேண்டுமா? 16 + 4 + 2. ஆக 5, 3, 2 ஆகிய சுவிட்சுகளை மேலே தள்ளுங்கள். பத்தாவது சுவிட்சின் வேலை மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பாருங்கள்.

3. மென்பொருள்

என் தேர்வு க்யூஎல்சி பிளஸ். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். யூஎஸ்பி கருவியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மலிவான வகை, சிக்னலின் நேரக்கணக்கை லேப்டாப்பிடமே விட்டுவிடும். லேப்டாப் திணறினால் லைட்டும் திணறும். எண்டெக் டிஎம்எக்ஸ் யூஎஸ்பி ப்ரோ போன்றவற்றில் அந்த வேலைக்கென்றே தனிச் சில்லு இருக்கிறது.

மென்பொருளின் ஃபிக்ஸ்சர் (லைட்) பகுதியில் உங்கள் மாடலைத் தேடி, காகிதத்தில் உள்ள அதே மோடையும் அட்ரஸையும் கொடுங்கள். இன்புட்/அவுட்புட் பகுதியில் கருவியின் அவுட்புட்டை டிக் செய்யுங்கள். அப்புறம் சிம்பிள் டெஸ்க்கில் ஒவ்வொரு சேனலாக ஏற்றிப் பாருங்கள். மாஸ்டர் டிம்மர் 0இல் இருந்தால் சிவப்பை 255க்கு ஏற்றினாலும் லைட் இருட்டாகத்தான் இருக்கும். நேர்மாறாக, லைட் நீங்கள் கொடுத்த நிறத்தை மதிக்காமல் தானாக நிறம் மாற்றிக்கொண்டிருந்தால், ஆட்டோ புரோகிராம் சேனலில் ஏதோ மதிப்பு இருக்கிறது. அதை 0க்கு இறக்குங்கள்.

4. சீன்

சரி, இனி உற்சாகமான வேலை. ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு சீன் (சேமித்துவைத்த ஒளியமைப்பு) செய்து, ஃபேட் நேரம் (ஒளி மெல்ல மாறும் நேரம்) கொடுத்து, வர்ச்சுவல் கன்சோலில் (திரையிலுள்ள பட்டன் பலகை) சீனுக்கொரு பட்டன் வையுங்கள். எல்லாம் அணையும் பிளாக்அவுட் பட்டனைத் தனியாக, பெரிதாக வையுங்கள். நாடகத்துக்கு 2 அல்லது 3 வினாடி ஃபேட் எனக்குப் பிடிக்கும். வெடுக்கென்று மாறும் ஒளி, நடிகரின் முகத்திலிருந்து கண்ணைப் பிடுங்கிவிடுகிறது.

மேலே தொங்கவிடும்போது கிளாம்போடு பாதுகாப்பு வயரையும் மாட்ட மறக்காதீர்கள்.

பின்சேர்க்கை

இதைப் பார்த்து அமைத்தவர்களுக்கு வந்த இரண்டு சிக்கல்கள்.

மேடையின் இரு பக்கமும் லைட் இருப்பதால் ஒய் வடிவக் கேபிளில் லைனை இரண்டாகப் பிரித்தவர்களுக்கு மினுக்கல் வந்திருக்கிறது. டிஎம்எக்ஸ் லைனை அப்படிப் பிரிக்கக் கூடாது. அதற்கென்று டிஎம்எக்ஸ் ஸ்ப்ளிட்டர் கருவி இருக்கிறது; அதன் ஒவ்வொரு அவுட்டும் தனி லைன், ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு டெர்மினேட்டர்.

லேப்டாப்புக்குப் பதில் 192 சேனல் டெஸ்க் (லைட்டுகளைக் கட்டுப்படுத்தும் தனிப் பலகை) வைத்திருப்பவர்கள் 1, 8, 15, 22 என்று போட்டு, இரண்டாவது பட்டனில் எந்த லைட்டும் சரியாக வரவில்லை என்றார்கள். அந்த வகை டெஸ்க்கில் 12 ஃபிக்ஸ்சர் பட்டன்கள், பட்டனுக்கு 16 சேனல் என்று ஏற்கனவே பிரித்துவைத்திருப்பார்கள். லைட் 7 சேனல்தான் பயன்படுத்தினாலும் அட்ரஸ்கள் 1, 17, 33, 49 என்றே போக வேண்டும்.